கமலம் அக்காவின் பிகோனியா

போன வாரம் ஒருநாள் காலை, ஒட்டன்சத்திரத்தில் மகன் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஜெனிபரிடமிருந்து போன் வந்தது. கொடைக்கானலில் நான் வேலை பார்த்த கெஸ்ட் ஹவுஸில் இப்போது என் இடத்தில் செடிகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்.

“அக்கா, மிஸ்ட் எறங்கிருச்சுக்கா. வராந்தாத் தொட்டியெல்லாம் உள்ள எடுத்துரலாமா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா?”

“வெள்ளனே எந்திரிச்சு வாயைத் தெறந்தா புகை வருதா?”

“வருதுக்கா.”

“அப்ப வெரசா எடுத்துரு. எலைக்கு அடியில பூச்சி இருக்கான்னு பாக்காம எதையும் உள்ள விட்ராத.”

சொல்லிவிட்டேன். வாயைத் திறந்தால் புகை வருகிற காலை ஒன்று அங்கே நடந்துகொண்டிருக்கிறது. நான் இங்கே நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். “என்னக்கா சத்தத்தையே காணோம்? ஒங்க அனுபவத்தை எல்லாம் எழுதிக் குடுங்கன்னா குடுக்கவும் மாட்டேங்கிறீங்க” என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். எழுதக் கூடாது என்றில்லை. செடியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா ஆளைப் பற்றி எழுதப் போய்விடுகிறது. இந்தத் தடவை அதன் போக்கிலேயே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வடகவுஞ்சி. அப்பாவுக்குப் பூண்டும் பீன்ஸும் வெள்ளாமை. பத்தாவது முடித்ததும் தெரிந்தவர்கள் மூலமாக அந்த கெஸ்ட் ஹவுஸில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் லீவுக்கு வந்து தங்குகிற பழைய கல் கட்டடம் அது. அறைக்கு அறை ஜன்னலில் ஒரு தொட்டி இருக்கும். ஜெரேனியம், பெரணி, ஆப்பிரிக்கன் வயலட் என்று வகை வகையாக வைத்திருந்தார்கள். ஒருநாள் யாரோ ஒரு விருந்தாளி, பாவம் குளிருமே என்று ஒரு பெரணித் தொட்டியைக் கொண்டுபோய் ஃபயர் பிளேஸ் பக்கத்தில் வைத்திருந்தார். பெருக்கப் போன நான், அனலில் காய்ந்துவிடுமே என்று அதைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தேன். அதை கிரேஸ் மிஸ் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து விளக்குமாறு வேறு ஆளுக்குப் போய், செடிகள் என்னிடம் வந்தன. என் படிப்பு, பயிற்சி, பதவி உயர்வு எல்லாம் அவ்வளவுதான்.

கிரேஸ் மிஸ் அந்த வீட்டுக்குப் பொறுப்பாளர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு மலையேறி வந்தவர். எந்தக் காலத்திலும் ஒரு காப்பிக்கலர் ஸ்வெட்டர், காலில் சாக்ஸோடு செருப்பு. ஸ்வெட்டர் பையில் ஒரு மரக்கரண்டி குத்திக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அவரைச் சமையல் பார்க்கிறவர் என்று நினைத்து, “மத்தியானம் என்னம்மா குழம்பு?” என்று கேட்பார்கள். அவரும் கோபப்படாமல் அன்றைக்கு என்ன குழம்போ அதைச் சொல்லிவிட்டுப் போவார். வேலைக்காரர்கள் யாராக இருந்தாலும் வாங்க, போங்க என்பதுதான் பேச்சு. மாவுப்பூச்சியை மட்டும் ‘சனியன்’ என்பார்.

அந்தக் கரண்டி எதற்கு என்றால், தொட்டியைத் தட்டிப் பார்ப்பதற்கு. மண் தொட்டியின் வயிற்றில் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்பார். கணீரென்றால் உள்ளே மண் காய்ந்திருக்கிறது. தொம்மென்றால் ஈரம் இருக்கிறது. “மேல தொட்டுப் பாக்காதீங்க ரீட்டா. மேல் மண்ணு பொய் சொல்லும்” என்பார். அந்த இரண்டு சத்தத்தையும் பிரித்துக் கேட்க என் காதுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

பாடப்புத்தகத்தில் இலையுதிர்காலம் என்று போட்டிருப்பார்கள். மலையில் நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, குளிர் எறங்குது என்போம். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கிற சமயத்தில் ஏரிப் பக்கமிருந்து மூடுபனி எழுந்து மத்தியானத்துக்கே வராந்தாவை மூடும். அப்போது ஆரம்பிக்கும் எங்கள் சோலி. தொட்டியைத் தூக்கினோம், உள்ளே வைத்தோம் என்று விடமாட்டார் மிஸ். முதலில் வெயில் அடிக்கிற ஒரு நாளாகப் பார்த்து, ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, பூச்சி மேல் வைத்து எடுக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் இலைகளைத் துடைத்து, தொட்டியை வராந்தாவின் உள்சுவரோரமாகச் சில நாள் வைப்போம். அப்புறம் கதவுக்குப் பக்கத்து நடையில் சில நாள். அதற்குப் பிறகுதான் ஜன்னல். வெளிச்சத்தில் நின்ற செடியை ஒரே நாளில் இருட்டுக்குள் கொண்டுபோனால் பயந்துபோய் இலையைக் கொட்டிவிடும் என்பார்.

உள்ளே வந்த செடிக்கு உரம் கிடையாது. “படுக்கப் போற பிள்ளைக்கு யாராச்சும் பிரியாணி போடுவாங்களா?” என்று கேட்பார். தண்ணீரும் பாதிக்குப் பாதிதான். குழாய்த் தண்ணீர் ஐஸாக இருக்கும் என்பதால் வாளியை அடுப்பங்கரையில் வைத்து, முழங்கையை விட்டுப் பார்த்து, குளிர் விட்ட பிறகு ஊற்ற வேண்டும். அதுவும் காலையில் மட்டும். இலை கண்ணாடியைத் தொடக் கூடாது. இத்தனையும் முடிந்து, எல்லா ஜன்னலும் பச்சையாகி, வெளியே ஒன்றும் தெரியாமல் வெள்ளையாக மிஸ்ட் நிற்கும்போது, அந்த வீட்டில் ஈர மண்ணும் சோப்பும் யூகலிப்டஸ் விறகும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்காக எனக்கு இங்கே சில நாள் அழுகையே வருகிறது. ஒட்டன்சத்திரத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மார்க்கெட்டுத் தக்காளியும் வெங்காயமும்தான். இங்கே மாடியில் ஒரு ஜெரேனியம் வைத்துப் பார்த்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

இனிமேல் கமலம் அக்கா. கெஸ்ட் ஹவுஸில் சமையல்காரர். சிலோனில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பினார்களே, அப்போது புருசனோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறி வந்தவர். வரும்போது அவருடைய அம்மா, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டு வாசலில் தகர டப்பாவில் வளர்த்த பிகோனியாவின் கிழங்கைத் தோண்டி, ஒரு டின்னில் காய்ந்த தேயிலைத் தூளுக்குள் புதைத்துக் கொடுத்தனுப்பினாராம். அம்மாவுக்கு அங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. அம்மா இறந்த சேதியே தாமதமாகத்தான் வந்தது என்பார் அக்கா. ஊர், லயம், அம்மா என்று அவரிடம் மிச்சமிருந்தது அந்தக் கிழங்கு ஒன்றுதான்.

அந்த பிகோனியா சமையல்கட்டு ஜன்னலில் இருந்தது. சித்திரையிலிருந்து புரட்டாசி வரை, உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கு அடுக்காகச் சிவப்புப் பூக்கும். விருந்தாளிகள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று போட்டோ எடுப்பார்கள். குளிர் இறங்கியதும் இலை மஞ்சளாகும், தண்டு முட்டு முட்டாகக் கழன்று விழும், கடைசியில் தொட்டியில் வெறும் மண்தான் இருக்கும். பார்க்கிறவர்கள் செத்துப்போச்சு என்பார்கள். சாவதில்லை, கிழங்கு உள்ளே தூங்குகிறது. அதைத் தண்ணீர் காட்டாமல் மாடிப்படிக்கு அடியில், இருட்டில் வைத்துவிட வேண்டும். மாசி, பங்குனியில் தானாக முளைக்கும். மற்ற செடிகளையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொண்டாலும், இதை அக்கா எங்களைத் தொட விடமாட்டார்.

ஒரு வருசம் சரியாகக் குளிர் இறங்குகிற சமயத்தில் அக்காவுக்கு மூச்சு முட்டல் வந்தது. அடுப்படியில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். ஜீப் வைத்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஜீப்பில் ஏற்றும்போது பேச்சு வராத நிலைமையிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ள, அது தூங்கப் போவுது... பாத்துக்க” என்றார். நான் தலையை ஆட்டினேன். இலை எல்லாம் விழுந்த பிறகு தொட்டியைத் தூக்கி அவர் வைக்கிற மாதிரியே படிக்கு அடியில் வைத்தேன். தூங்குகிற தொட்டியைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்பது பாடம். அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

கார்த்திகை வாக்கில் மிஸ் கரண்டியோடு ஒரு சுற்று வந்தார். படிக்கு அடியில் குனிந்து அக்காவின் தொட்டியைத் தட்டினார். தொம்மென்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் தொம்.

“ரீட்டா, இதுக்குத் தண்ணி ஊத்துனீங்களா?”

“சத்தியமா இல்ல மிஸ்.”

மிஸ் எல்லோரையும் கூப்பிட்டார். வாட்ச்மேன் சவரி அண்ணன், துணி துவைக்கிற புஷ்பம், அக்காவுக்குப் பதிலாகத் தற்காலிகமாகச் சமைக்க வந்த பாண்டி, மூன்று பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். யார் தண்ணீர் விட்டது என்று கேட்டதும், முதலில் சவரி அண்ணன் தொப்பியைக் கழற்றினார்.

“நாந்தாங்க மிஸ். செடி இப்பிடி மொட்டையாப் போயி இருட்டுல கெடக்கு, அங்க கமலம் ஆஸ்பத்திரியில கெடக்கு. மனசு கேக்கலீங்க. கோயில்ல மந்திரிச்ச தீர்த்தம் கொஞ்சம் கொண்டாந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை விட்டேன்.”

புஷ்பம் அழுதே விட்டாள். “நான் அரிசி களைஞ்ச தண்ணி ஊத்துனேங்க மிஸ். இதுக்குச் சத்துப் பத்தலையோ, இது தெம்பாயிட்டா அக்காவும் எந்திரிச்சிருவாங்களோன்னு நெனைச்சேன்.”

பாண்டி கடைசியாக வாயைத் திறந்தான். “எங்கம்மா பழனிக்குப் போயிட்டு அபிசேகப் பால் கொண்டாந்தாங்க. அதைத் தண்ணியில கலந்து...”

ஒருவர் ஊற்றியது இன்னொருவருக்குத் தெரியாது. ஆளுக்கொரு வேண்டுதல். செடி பிழைத்தால் அக்கா பிழைப்பார் என்று மூன்று பேருமே மனசுக்குள் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். வேளைக்கு ஒரு சாமியாக வந்து கிழங்கை மூழ்கடித்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மிஸ் கரண்டியைப் பைக்குள் செருகினார். பிறகு, “ஜெபத்தை வாயால பண்ணுங்க. செடிக்கு வேண்டாம்” என்றார். திட்டியது அவ்வளவுதான்.

தொட்டியைச் சமையல்கட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்துக் கவிழ்த்தோம். மண் களியாக வந்தது. வாடையை வைத்தே தெரிந்துவிட்டது. கையளவு இருக்க வேண்டிய கிழங்கில் முக்கால்வாசி பழுப்பாகக் குழைந்து கிடந்தது. மிஸ் காய்கறி நறுக்குகிற கத்தியை அடுப்புத் தணலில் காட்டி, ஆற வைத்து, அழுகலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினார். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடைத்து மறுபடி தணலில் காட்டினார். வெள்ளையாக, கெட்டியாக, வெட்டினால் நீர் கசியாத சதை வரும் வரை விடவில்லை. கடைசியில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான் மிஞ்சியது. அதன் தலையில் மிளகு பருமனுக்கு ஒரே ஒரு முளைக்கண். மிஸ் அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

வெட்டுவாய் முழுக்க அடுப்புச் சாம்பலைத் தடவினோம். வெந்நீர் பாய்லருக்கு மேலே இருந்த பலகையில், காகிதத்தின் மேல் வைத்து, வெட்டின இடம் தோல் கட்டுகிற வரை காய விட்டோம். அப்புறம் எதில் புதைப்பது என்று யோசித்தபோது, “அவங்கம்மா எதுல வச்சு அனுப்பினாங்க?” என்று மிஸ்ஸே கேட்டார். பாண்டி ஸ்டோர் ரூமுக்கு ஓடி டீத்தூளை எடுத்துவந்து, வாய் அகலமான பாட்டிலில் கொட்டினான். அதற்குள் கிழங்கைப் படுக்க வைத்து, மூடாமல், அலமாரியில் ஏற்றினோம்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசும்போதெல்லாம் முதல் கேள்வி, “அது தூங்குதா?” என்பதுதான். மனசு கலங்குகிற மாதிரி ஒன்றும் சொல்லக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிஸ் பொய் சொல்லாதவர். “தூங்குது கமலம். கெழங்கை எடுத்துக் காய வச்சிருக்கோம். நீங்க வந்து பாருங்க” என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு வெகுநேரம் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

பொங்கல் கழித்து அக்கா வந்தார். பாதி ஆளாக இருந்தார். மிஸ் அவரை உட்கார வைத்து, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சவரி அண்ணன் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். அக்கா பாட்டிலைக் கையில் வாங்கி, தூளை விலக்கி, கிழங்கை விரலால் தடவிப் பார்த்தார்.

“கண்ணு இருக்குதானே? அது போதும்” என்றார். அப்புறம் வெளியே பார்த்து, “சவரி அண்ணே, ஒங்க தீர்த்தம் எனக்குக் கேட்டுருச்சு. செடிக்குத்தான் கேக்கல” என்றார். எல்லோரும் அழுகையோடு சிரித்தோம்.

இன்னொரு சேதியையும் அக்கா அன்றைக்கே சொன்னார். இந்தக் குளிர் இனி நெஞ்சுக்கு ஆகாது, கீழே இறங்கிவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கன்னிவாடியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போகிறார். நான் அவசர அவசரமாகப் பாட்டிலைத் துணியில் சுற்றினேன்.

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “வேணாம் புள்ள. கன்னிவாடி வெயிலுக்கு இது பொழைக்காது. சிலோன்லேருந்து நானும் இதுவும் சேந்துதான் வந்தோம். ஒருத்தராவது வந்த எடத்துல நெலைச்சு இருக்கட்டும். நீ வச்சுக்க.”

இறங்கிப் போகிற வரைக்கும் அது முளைக்கவில்லை. பிழைத்ததா இல்லையா என்று தெரியாமலேயே போனார். பங்குனியில் ஒருநாள் காலை பாட்டிலைப் பார்க்கிறேன், கறுப்புத் தூளுக்கு நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு முனை. மிஸ்ஸிடம்கூடச் சொல்லாமல் ஆபீஸ் போனில் கன்னிவாடிக்குக் கூப்பிட்டேன். “அக்கா, முழிச்சிருச்சு” என்றேன். அந்தப் பக்கம் அக்கா மகளைக் கூப்பிட்டார். “அது முழிச்சிருச்சாம்!” என்று சொல்வது கேட்டது.

அதற்குப் பிறகு வருசா வருசம் பூத்ததும் போன் செய்வேன். எத்தனை பூ, எந்தப் பக்கம் பார்த்துப் பூத்திருக்கு, என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நேரில் பூவைக் காட்ட மட்டும் வாய்க்கவில்லை. எங்களுக்கு லீவு கிடைப்பது வீடு காலியாகக் கிடக்கிற குளிர்காலத்தில்தான். அப்போது செடி தூக்கத்தில் இருக்கும். கிரேஸ் மிஸ்ஸும் காலமாகிவிட்டார். அவருடைய மரக்கரண்டி என் கைக்கு வந்தது. குளிரும் மிஸ்ட்டுமாக வருசங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை.

எனக்கு ஓய்வு வயசாகி வேலையிலிருந்து நின்றது போன வருசம், குளிர் இறங்குகிற இதே சமயம். தொட்டிகளையெல்லாம் கடைசித் தடவையாக உள்ளே எடுத்து வைத்தேன். சமையல்கட்டு ஜன்னலில் பிகோனியா இலை பழுக்க ஆரம்பித்திருந்தது. அதில் ஒரே ஒரு கடைசிப் பூ. அதைப் பறித்து, டிபன் பாக்ஸில் ஈரப் பஞ்சு போட்டு வைத்து, பஸ் ஏறினேன். வத்தலக்குண்டிலேயே காது அடைப்பு விட்டு, உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. பஸ் மாறி கன்னிவாடியில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போய் பாக்ஸைத் திறந்தால், பூ காம்பை விட்டுக் கழன்று இதழ் இதழாக உதிர்ந்து கிடந்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அக்காவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். கண் நன்றாகத்தான் இருக்கிறது. உதிர்ந்த இதழ்களைப் பார்த்தார், என் பெட்டியைப் பார்த்தார்.

“நீயும் எறங்கிட்டியா?”

“எறங்கிட்டேன்க்கா.”

“அப்ப அதை ஆரு பாப்பா?”

“ஜெனிபர்னு ஒருத்தி இருக்காக்கா. தட்டிப் பாக்குறதுக்குக் காது இருக்கு அவளுக்கு.”

“தண்ணி ஊத்தாம இருப்பாளா?”

“இருப்பா.”

அக்கா நிம்மதியாகத் தலையை ஆட்டினார். பிறகு ஓர் இதழை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்துவிட்டார்.

“அக்கா! என்னத்தைத் திங்கிறீங்க?”

“சும்மா இரு புள்ள. சின்னதுல எங்கம்மா கொழுந்து எடுக்கப் போனதும் லயத்து வாசல்ல ஒளிஞ்சிருந்து பிச்சுப் பிச்சுத் தின்போம். அடி கூட வாங்கிருக்கேன். கொடைக்கானல்ல ஒரு நாளும் திங்க மனசு வரல. அங்க இது ஒண்ணுதானே இருந்துச்சு.” மென்று முடிக்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. “அதே புளிப்பு” என்றார்.

என் வாயிலும் ஓர் இதழை வைத்தார். இத்தனை வருசம் அந்தச் செடிக்குக் கையால் தண்ணீர் வார்த்திருக்கிறேன், இலை துடைத்திருக்கிறேன், அழுகலோடு மண்ணைக் கிளறியிருக்கிறேன். அதன் ருசி எனக்குத் தெரியாது. எலுமிச்சைப் புளிப்பு. கண் கூசுகிற புளிப்பு. அதற்கு அடியில், அந்தச் சமையல்கட்டு ஜன்னலின் சில்லிப்பு இன்னும் இருந்தது. மலைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நானும் குழந்தை மாதிரி அழுதுவிட்டேன்.

அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். “மொத வருசம் அப்பிடித்தான் இருக்கும். தின்னு” என்று பாக்ஸை இரண்டு பேருக்கும் நடுவில் தள்ளினார். மிச்சமிருந்த இதழ்களை ஆளுக்கொன்றாக எடுத்து, ஒன்று பாக்கி விடாமல் தின்றோம்.